சிறுநீரகத்தில் சிறிய கட்டி: சாவித்துவாரச் சத்திரசிகிச்சையும் மிஞ்சும் சிறுநீரகமும்

பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக எடுத்த ஸ்கான் அது. பத்து நாள் கழித்து வந்த கடிதத்தில் பித்தப்பையைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. மிச்சமெல்லாம் வலது சிறுநீரகத்தில் தெரிந்த 3.1 சென்ரிமீற்றர் கட்டியைப் பற்றியது. எங்கள் குடும்பத்து மூத்தவர் ஒருவருக்கு இப்படித்தான் தொடங்கியது. அவருக்கு வலி இல்லை. சிறுநீரில் இரத்தம் போகவில்லை. எடையும் குறையவில்லை. கடிதம் வந்த அன்று காலையிலும் வேலைக்குப் போய் வந்தவர்.

இது அபூர்வமான கதை அல்ல. இன்று கண்டுபிடிக்கப்படும் சிறுநீரகப் புற்றுநோய்களில் பாதிக்கு மேற்பட்டவை வேறு ஏதோ காரணத்துக்காக எடுத்த ஸ்கானில் தற்செயலாக அகப்படுபவை. விலாப்பக்க நோ, சிறுநீரில் இரத்தம், கைக்குத் தட்டுப்படும் கட்டி ஆகிய மூன்றையும் ஒரு காலத்து வைத்திய மாணவர்கள் மனப்பாடம் செய்வார்கள். மூன்றும் சேர்ந்து வரும்வரை காத்திருந்தால் அது பெரும்பாலும் முற்றிய நோயாகவே இருக்கும். சிறுநீரில் ஒரே ஒரு தடவை இரத்தம் தெரிந்து, பிறகு தானாக நின்றுவிட்டாலும் குடும்ப வைத்தியரிடம் சொல்ல வேண்டும். நின்றுவிட்டது என்று விட்டுவிடுவது எமது ஆட்களின் பழக்கம்.

எங்கள் மூத்தவரைப் பார்த்த முதலாவது நிபுணர், சாவித்துவாரச் சத்திரசிகிச்சை மூலம் சிறுநீரகத்தை அகற்றிவிடலாம், இரண்டு நாளில் வீடு திரும்பலாம் என்றார். 'சாவித்துவாரம்' என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் எல்லோருக்கும் உயிர் வந்தது. வயிற்றைப் பெரிதாக வெட்டமாட்டார்கள் என்ற ஆறுதலில், அந்தச் சிறு துளைகளின் வழியாக வெளியே வரப்போவது முழுச் சிறுநீரகம் என்பதை யாரும் யோசிக்கவில்லை. அவருக்கு இருபது வருடமாக நீரிழிவு இருந்தது. அதையும் இதையும் சேர்த்துப் பார்த்து, 'கட்டியை மட்டும் எடுக்க முடியாதா?' என்று கேட்டவர் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த அவருடைய மகள்தான். அந்தக் கேள்வியைச் சுற்றியே இதை எழுதுகிறோம்.

கட்டியின் அளவு

சிறுநீரகத்துக்குள்ளேயே அடங்கி, 7 சென்ரிமீற்றருக்கு மேற்படாத கட்டியை முதலாம் படிநிலை என்கிறார்கள். அதையும் இரண்டாகப் பிரித்து, 4 சென்ரிமீற்றர் வரையானதை ரி1ஏ என்றும், அதற்கு மேல் 7 வரையானதை ரி1பி என்றும் கடிதங்களில் எழுதுவார்கள். இந்தப் படிநிலையில் பிடிபட்டால் நிலைமை நல்லது. ஐந்து வருடத்தைக் கடந்து வாழ்பவர்கள் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் இருக்கிறார்கள். 'கான்சர்' என்ற சொல்லைக் கேட்டவுடன் ஊரில் யாரோ ஒருவரின் கடைசி நாட்களை நினைத்துக்கொள்ளும் எமக்கு, இந்த எண்ணிக்கையை முதலில் சொல்லிவிடுவது நல்லது.

இன்னொன்றும் உண்டு. 4 சென்ரிமீற்றருக்கு உட்பட்ட கட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று புற்றுநோயே அல்ல. ஒன்கோசைற்றோமா என்ற தீங்கற்ற கட்டியாகவோ, கொழுப்பும் இரத்தக்கலன்களும் சேர்ந்த அன்ஜியோமயோலிப்போமா என்ற கட்டியாகவோ இருக்கலாம். கொழுப்புள்ள கட்டியைப் பெரும்பாலும் ஸ்கானிலேயே இனங்கண்டுவிடுவார்கள். ஒன்கோசைற்றோமாவைப் படத்தில் மட்டும் பார்த்து நிச்சயமாகப் பிரித்தறிவது கடினம். ஆகவே சிலருக்கு ஊசி மூலம் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கும் பயொப்சி செய்வார்கள். 'ஊசி குத்தினால் பரவும்', 'கத்தி பட்டால் பரவும்' என்ற பேச்சு எமது வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஊசி போன வழியில் புற்றுநோய் பரவுவது மிக மிக அரிதாகவே பதிவாகியிருக்கிறது. பயொப்சி வேண்டுமா என்பதை அதன் முடிவு சிகிச்சையை மாற்றுமா என்பதைப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். எப்படியும் வெட்டித்தான் ஆக வேண்டிய கட்டிக்குப் பல இடங்களில் பயொப்சி இல்லாமலே சத்திரசிகிச்சைக்குப் போவார்கள்.

'ஒன்று போதும்' என்ற எண்ணம் வந்த வழி

ஒரு சிறுநீரகத்தோடு மனிதர் வாழலாம் என்பதைச் சத்திரசிகிச்சை மூலம் காட்டியவர் ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரத்து வைத்தியர் குஸ்தாவ் சைமன். முதலில் நாய்களில் ஒரு சிறுநீரகத்தை அகற்றி, அவை உயிர் பிழைப்பதைப் பார்த்தார். பின்னர் 1869 ஓகஸ்ட் 2 அன்று, சிறுநீர்க்கான் சேதமடைந்து தொடர்ந்து சிறுநீர் கசிந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் ஒரு சிறுநீரகத்தை அகற்றினார். அந்தப் பெண் பிழைத்தார். அதன் பிறகு நூறு வருடத்துக்கு மேலாக 'ஒன்று போதும்' என்பது வைத்திய உலகத்தின் அடிப்படை நம்பிக்கைகளில் ஒன்றாயிற்று.

புற்றுநோய்க்கு இந்த நம்பிக்கையை முறைப்படுத்தியவர் ரொறன்ரோவில் வேலை செய்த சார்ள்ஸ் றொப்சன். 1960களில் அவர் வெளியிட்ட கட்டுரைகள் சிறுநீரகத்தை மட்டுமல்லாமல் அதைச் சுற்றியுள்ள கொழுப்பு, மேலே தொப்பிபோல் இருக்கும் அதிரீனற் சுரப்பி, பக்கத்து நிணநீர்க் கணுக்கள் எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கும் முறையை நிலைநிறுத்தின. அந்தக் காலத்தில் பிடிபட்ட கட்டிகள் பெரியவை. அவற்றுக்கு அது சரியான வேலைதான். பிறகு சிடி ஸ்கானும் அல்ட்ராசவுண்டும் வந்தன. கட்டிகள் நெல்லிக்காய் அளவிலேயே அகப்படத் தொடங்கின. சிகிச்சை மட்டும் நெடுங்காலம் பழைய அளவிலேயே நின்றது.

1990 யூன் 25 அன்று அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரத்தில் றால்ஃப் கிளேமனும் அவருடைய குழுவினரும் 85 வயதுப் பெண் ஒருவரின் சிறுநீரகத்தைச் சிறு துளைகளின் வழியாக அகற்றினார்கள். சிறுநீரகம் முழுவதையும் லப்பரஸ்கோப்பி மூலம் எடுத்த முதல் சத்திரசிகிச்சை அது. ஏழு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்தது. முழுதாக வெளியே எடுக்க வழி இல்லாததால், உள்ளேயே ஒரு பைக்குள் போட்டுத் துண்டாக்கி எடுத்தார்கள். சோதித்தபோது அது தீங்கற்ற ஒன்கோசைற்றோமா. சாவித்துவார முறையின் முதல் வெற்றியே, இன்றைய கண்ணால் பார்த்தால், முழுச் சிறுநீரகத்தையும் எடுத்திருக்கத் தேவையில்லாத ஒரு கட்டிக்காக நடந்தது. அந்த வைத்தியர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. துளை சிறிதாவது ஒரு முன்னேற்றம், எடுக்கும் பகுதி சிறிதாவது இன்னொரு முன்னேற்றம். இரண்டும் ஒரே நாளில் வரவில்லை.

கட்டியை மட்டும் வெட்டி, மிச்சச் சிறுநீரகத்தைத் தைத்து வைக்கும் பகுதியகற்றலை லப்பரஸ்கோப்பியில் செய்த முதல் அறிக்கைகள் 1993இல் வந்தன. அதைச் செய்யக் கைவந்தவர்கள் நெடுங்காலம் சிலரே. இதனால் ஒரு விசித்திரம் நடந்தது. திறந்த சத்திரசிகிச்சை செய்தவர்கள் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்க, பல வைத்தியசாலைகளில் சாவித்துவாரம் பழகியவர்கள் தமக்கு இலகுவான முழு அகற்றலைச் செய்தார்கள். நோயாளிக்குத் தழும்பு சிறிதாயிற்று, இழப்புப் பெரிதாயிற்று. 2004 முதல் பதிவாகத் தொடங்கிய றோபோ உதவியுடனான பகுதியகற்றல்தான் இந்த இடைவெளியைப் பெருமளவில் மூடியது.

மீதி எவ்வளவு?

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் சிறுநீரகத்திகள் உண்டு. வடிகட்டும் வேலையைச் செய்வன இவையே. இழந்தால் புதிதாக முளைப்பதில்லை. இரத்தப் பரிசோதனையில் கிரியற்றினின் என்ற எண்ணை வைத்து, வயதையும் ஆண் பெண் என்பதையும் சேர்த்து, ஈஜிஎஃப்ஆர் என்ற வடிகட்டும் வேகத்தைக் கணிக்கிறார்கள். 90க்கு மேல் நல்லது. மூன்று மாதத்துக்கு மேலாக 60க்குக் கீழே நின்றால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். 15க்குக் கீழே போனால் இரத்தச் சுத்திகரிப்பைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள்.

கணக்கு எழுதிப் பிழைத்த எமக்கு இது பழகிய பாடம். ஆரம்ப மீதி தெரியாமல் செலவுக்குக் கையெழுத்து வைக்கக்கூடாது. உறவினருக்குச் சிறுநீரகம் கொடுத்துவிட்டு நன்றாக வாழ்பவர்களை நாம் அறிவோம். அவர்கள் நீரிழிவு இல்லை, பிரஷர் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று வடிகட்டித் தெரிவு செய்யப்பட்டவர்கள். கட்டி வந்தவரை யாரும் அப்படித் தெரிவு செய்வதில்லை. அதிலும் புகைத்தல், உடற்பருமன், உயர் இரத்த அழுத்தம் ஆகியவை சிறுநீரகப் புற்றுநோய்க்கும் காரணிகள். இவற்றில் பின் இரண்டும் நீரிழிவோடு கூடவே திரிபவை. தென்னாசிய வம்சாவளியினருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு, பிரித்தானியாவின் வெள்ளையர்களோடு ஒப்பிடும்போது பல மடங்கு அதிகம். இளவயதிலேயே வருவதும் அதிகம். எமது வீடுகளில் இன்சுலின் பேனா இல்லாத குளிர்சாதனப் பெட்டி எத்தனை? ஒரு சிறுநீரகம் போனால் ஈஜிஎஃப்ஆர் பாதியாகக் குறைந்துவிடாது. மற்றது கொஞ்சம் ஈடுசெய்யும். ஆனாலும் மூன்றில் ஒரு பங்களவு குறைவது வழக்கம். 95இல் தொடங்குபவருக்கு அது தாங்கக்கூடியது. எங்கள் மூத்தவர் 62இல் நின்றார். அவருக்கு மிஞ்சியிருக்கக்கூடியது நாற்பதை ஒட்டிய ஒரு எண். அதன் மேல் வருடா வருடம் நீரிழிவு செய்யும் பெறுமானத் தேய்வு வேறு.

2006இல் நியூயோர்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெற்றரிங் நிலையத்தார் 4 சென்ரிமீற்றர் வரையான கட்டிகளுக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 662 பேரின் விபரங்களை வெளியிட்டார்கள். சத்திரசிகிச்சைக்கு முன்பே நால்வரில் ஒருவருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் இருந்தது; கிரியற்றினினை மட்டும் பார்த்தவர்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை. மூன்று வருடம் கழித்தும் ஈஜிஎஃப்ஆர் 60க்குக் கீழே இறங்காமல் இருக்கும் வாய்ப்பு, பகுதியை எடுத்தவர்களில் நூற்றுக்கு 80, முழுவதையும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 35.

மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. இரண்டு முறைகளையும் சீட்டுக் குலுக்கல்போல் பிரித்து ஒப்பிட்ட பெரிய ஆய்வு ஒன்றுதான்; ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 541 பேரில் நடத்தி, 2011இல் முடிவை வெளியிட்டது. பத்து வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் முழு அகற்றலில் நூற்றுக்கு 81 பேர், பகுதியகற்றலில் நூற்றுக்கு 76 பேர். பகுதியை எடுத்தவர்கள் கூடுதல் காலம் வாழ்வார்கள் என்ற எதிர்பார்ப்பு அங்கே நிறைவேறவில்லை. அதே ஆய்வில் மிதமான சிறுநீரகப் பழுது பகுதியகற்றலில் தெளிவாகக் குறைந்திருந்தது. முற்றிய செயலிழப்பில் வித்தியாசம் தெரியவில்லை. இன்னொரு தகவல் எம்மை நிறுத்தி யோசிக்க வைத்தது. இறந்த 117 பேரில் சிறுநீரகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 12 பேர் மட்டுமே. இதயமும் இரத்தக்கலன்களும் அதைவிடப் பலரைக் கொண்டுபோயிருந்தன.

ஆகவே முழுவதையும் எடுப்பது எப்போதும் தவறு என்று நாம் சொல்லவில்லை. கட்டி சிறுநீரகத்தின் நடுவில், பெரிய நாடியையும் நாளத்தையும் அணைத்தபடி இருந்தால், பகுதியை எடுக்கும் முயற்சியே ஆபத்தாகலாம். ஆனால் 4 சென்ரிமீற்றர் வரையான கட்டிக்குச் சத்திரசிகிச்சை என்றால் முடிந்தவரை பகுதியகற்றலையே முதலில் கருத வேண்டும் என்று ஐரோப்பிய, அமெரிக்கச் சிறுநீரியல் சங்கங்களின் வழிகாட்டிகள் இரண்டும் சொல்கின்றன. நீரிழிவு, பிரஷர் உள்ளவருக்கு இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். முழுவதையும் எடுக்க வேண்டும் என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள். கட்டி இருக்கும் இடம் காரணமா, அந்த வைத்தியசாலையில் பகுதியகற்றல் வழக்கமாகச் செய்யப்படாதது காரணமா? இரண்டாவது என்றால், செய்கிற நிலையத்துக்கு அனுப்பும்படி கேட்கலாம். நாங்கள் கேட்டோம். முதலாவது நிபுணர் கோபிக்கவில்லை. அவரே கடிதம் எழுதி அனுப்பிவைத்தார். மூன்று கிழமை கூடுதலாகக் காத்திருந்தோம். சிறு கட்டிகள் பெரும்பாலும் வருடத்துக்குச் சில மில்லிமீற்றர் அளவிலேயே வளர்பவை என்பதால், சில கிழமைத் தாமதம் சாதாரணமாக ஆபத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் அந்த மூன்று கிழமையும் வீட்டில் யாரும் சரியாக நித்திரை கொள்ளவில்லை.

உள்ளே என்ன நடக்கிறது

முழு மயக்கத்தில், நோயாளியைப் பக்கவாட்டில் படுக்க வைக்கிறார்கள். வயிற்றுக்குள் காபனீரொட்சைட்டு வாயுவைச் செலுத்தி இடத்தை அகலமாக்குகிறார்கள். 5 முதல் 12 மில்லிமீற்றர் வரையான சில துளைகள் இடப்படுகின்றன. ஒன்றின் வழியாகக் கமரா, மற்றவற்றின் வழியாகக் கருவிகள். பெருங்குடலை மெல்ல ஒதுக்கினால் பின்னால் சிறுநீரகம் தெரியும். சிறுநீர்க்கானைத் தொடர்ந்து மேலே போய் நாடியையும் நாளத்தையும் அடையாளம் காண்கிறார்கள்.

முழு அகற்றல் என்றால் இவற்றைக் கிளிப் போட்டு வெட்டி, சிறுநீரகத்தைப் பையில் இட்டு, ஒரு துளையைச் சில சென்ரிமீற்றர் பெரிதாக்கி வெளியே எடுப்பார்கள். இப்போது அதிரீனற் சுரப்பியை அவசியம் இல்லாமல் எடுப்பதில்லை.

பகுதியகற்றலில் வேலை நுட்பமானது. நேரத்தோடு ஓடும் வேலையும்கூட. சிறிய அல்ட்ராசவுண்ட் கருவியைச் சிறுநீரகத்தின் மேலேயே வைத்துக் கட்டியின் எல்லையைக் குறிக்கிறார்கள். பிறகு நாடியை ஒரு சிறு கிடுக்கியால் இறுக்கி இரத்த ஓட்டத்தை நிறுத்துகிறார்கள். அந்த நொடியில் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. இரத்தமின்றிச் சிறுநீரகம் அதிக நேரம் இருந்தால் காப்பாற்ற நினைத்த பகுதியும் பழுதாகும். 25 நிமிடத்துக்குள் முடிக்கப் பார்ப்பார்கள். அதற்குள் கட்டியைச் சுற்றிச் சிறிது நல்ல சதையையும் சேர்த்து வெட்டி, திறந்துவிட்ட இரத்தக்கலன்களையும் சிறுநீர் சேரும் குழியையும் உள்ளே ஒரு படையாகத் தைத்து, மேலே இன்னொரு படை தைத்து, கிடுக்கியை எடுக்க வேண்டும். நேரான நீண்ட கம்பிகளால் இந்தத் தையலைப் போடுவது எவ்வளவு கடினம் என்பதை, ஊசிக்கு நூல் கோர்க்கத் திணறும் எவரும் விளங்கிக்கொள்வார்கள். றோபோவின் பயன் இங்கேதான். அதன் கருவி மணிக்கட்டுப்போல வளையும். காட்சி ஆழத்தோடு பெரிதாகத் தெரியும். கை நடுக்கம் வடிகட்டப்படும். றோபோ தானாக எதையும் வெட்டுவதில்லை. அதே அறையில் ஒரு மேசையில் அமர்ந்திருக்கும் வைத்தியரின் விரல் அசைவையே அது பின்பற்றுகிறது. 'மெஷின் வெட்டுமாம்' என்று பயப்படும் அம்மாக்களுக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

றோபோ இருக்கிறதா என்பதைவிட, அந்த வைத்தியரும் குழுவும் வருடத்துக்கு எத்தனை பகுதியகற்றல் செய்கிறார்கள் என்பது முக்கியமான கேள்வி. கேட்பது மரியாதைக் குறைவல்ல. நல்ல வைத்தியர்கள் தங்கள் எண்களை வைத்திருப்பார்கள். ஏதும் சிக்கல் வந்தால் நடுவில் திறந்த சத்திரசிகிச்சைக்கு மாறலாம் என்று ஒப்புதல் படிவத்தில் எழுதியிருக்கும். அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம்.

வெட்டாமல் இருப்பதும் ஒரு வழி

வயது போனவர், இதய நோயாளி, கட்டி 2 சென்ரிமீற்றர் அளவு. இப்படியானவருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவையோ வருடத்துக்கு ஒரு தடவையோ ஸ்கான் எடுத்துக் கவனித்து வருவதே சிறந்த வைத்தியமாக இருக்கலாம். கட்டி விரைவாக வளர்ந்தால் அப்போது சிகிச்சை. இதை 'வெள்ளைக்காரன் வயது போனவர்களைக் கைவிடுகிறான்' என்று விளங்கிக்கொண்ட குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். அப்படி அல்ல. 3 சென்ரிமீற்றர் வரையான கட்டிகளைத் தோலின் வழியாக ஊசி செலுத்தி உறையவைத்தோ சுட்டோ அழிக்கும் முறைகளும் உண்டு. சில வேளை இரண்டாம் தடவை செய்ய வேண்டி வரும். ஆனால் உடலுக்குச் சுமை குறைவு.

சத்திரசிகிச்சைக்குப் பின்

பெரும்பாலானோர் ஒன்று முதல் மூன்று நாளில் வீடு திரும்புகிறார்கள். முதல் இரண்டு நாள் தோள்மூட்டில் நோ இருந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே செலுத்திய வாயுவின் வேலை அது. இரத்தம் கட்டிபடாமல் இருக்க வயிற்றில் போடும் ஊசியைச் சிலருக்கு 28 நாள் வரை வீட்டில் தொடரச் சொல்வார்கள். ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக்கூடாது. வெளியே தெரியும் தழும்பு சிறிது என்பதால் பத்தாம் நாளே பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தூக்கும் ஆண்கள் எம்மிடையே உண்டு. உள்ளே போட்ட தையலுக்கு வெளித் தழும்பின் அளவு தெரியாது.

பகுதியகற்றலுக்கென்று இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, தைத்த இடத்திலிருந்து சிறுநீர் கசிவது. சிலருக்கு மட்டும் வரும், பெரும்பாலும் குழாய் வைத்துச் சரிசெய்யலாம். மற்றது, ஒன்றிரண்டு கிழமை கழித்து, எல்லாம் சரி என்று நினைத்திருக்கும்போது திடீரென்று சிறுநீர் சிவந்து கட்டிகளாகப் போவது. வெட்டிய இடத்து நாடியில் வீக்கம் உண்டாகி உடைந்தால் இப்படி ஆகும். இது காலைவரை காத்திருக்கக்கூடிய விடயம் அல்ல. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே இரத்தக்கலன் வழியாகவே அந்த இடத்தை அடைத்துவிடுவார்கள்.

எமக்கே உரிய சில விடயங்கள்

உடம்பில் செல் துண்டுகளோடு வாழ்பவர்கள் எம்மிடையே பலர். எம்ஆர்ஐ ஸ்கானுக்கு முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். காந்தப் புலம் உலோகத்தை அசைக்கலாம், சூடாக்கலாம். தேவையானால் முதலில் எக்ஸ்றே எடுத்துப் பார்ப்பார்கள், அல்லது சிடி ஸ்கானோடு நிறுத்துவார்கள். போர்க்காலத்தில் வயிற்றில் சத்திரசிகிச்சை நடந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். உள்ளே குடல் ஒட்டிப்போயிருக்கக்கூடும். அப்போது முன்பக்கமாக அன்றி, முதுகுப் பக்கத்தால் சிறுநீரகத்தை அடையும் வழியைத் தெரிவு செய்யலாம். காயம் எப்படி வந்தது என்ற முழுக் கதையையும் சொல்ல வேண்டியதில்லை. உலோகம் எங்கே, வெட்டு எங்கே என்பது போதும். சொன்னால் அகதி வழக்குக்குப் பாதகமாகுமோ என்று பயந்து மறைத்தவர்களை நாம் அறிவோம். அந்தப் பயம் விளங்குகிறது. ஆனால் மறைத்த உலோகம் ஸ்கான் அறையில் ஆபத்தாகலாம்.

மொழிபெயர்ப்பாளரை வைத்தியசாலையே இலவசமாக ஒழுங்கு செய்யும். பிள்ளைகளை அந்த வேலைக்கு இருத்தாதீர்கள். எங்கள் மூத்தவரின் முதல் சந்திப்பில் மகள்தான் மொழிபெயர்த்தார். 'கான்சர்' என்ற சொல் வந்த இடத்தில் அவர் 'கட்டி' என்று சொன்னார். அப்பாவுக்கு இரண்டு கிழமை உண்மை தெரியாது. மகள் அந்த இரண்டு கிழமையும் அதைத் தனியே சுமந்தார். தெரிந்த தமிழர் மொழிபெயர்க்க வந்தால் ஊரெல்லாம் கதை போகும் என்ற தயக்கம் இருந்தால், தொலைபேசி வழியாகப் பெயர் தெரியாத ஒருவரைக் கேட்கலாம்.

இங்கிலாந்தில் அகதிக் கோரிக்கை நிலுவையில் உள்ளவரிடம் வைத்தியசாலை கட்டணம் அறவிட முடியாது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டவரின் நிலை அவர் பெறும் அரச உதவியைப் பொறுத்து மாறும். அப்படியானவர்கள் கட்டணப் பயத்தில் ஸ்கானைத் தவறவிடாமல், முதலில் சட்ட உதவி நிலையத்தில் கேட்க வேண்டும். கனடாவில் கோரிக்கையாளருக்கு மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் உண்டு. இங்கிலாந்தில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள், அதன் பின்விளைவுகளுக்கு மருந்து எடுப்பவர்கள் உட்பட, மருந்துச்சீட்டுக் கட்டணத்திலிருந்து விலக்குப் பெறலாம். குடும்ப வைத்தியர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். சான்றிதழ் ஐந்து வருடம் செல்லும். பலர் இதை அறியாமல் மாதா மாதம் காசு கட்டுகிறார்கள்.

மிஞ்சிய சிறுநீரகத்தைப் பேணுவதில் இரண்டு எச்சரிக்கைகள். ஐபுப்ரோஃபன், டைக்ளோஃபெனக் போன்ற நோ மாத்திரைகளை வைத்தியரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். ஊரிலிருந்து வரும் சூரணங்களில் ஈஸ்வரமூலி, ஆடுதின்னாப்பாளை போன்ற மூலிகைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்தச் செடிக் குடும்பத்தில் உள்ள அரிஸ்ரோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைப் பழுதாக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் மெலிவதற்கென்று கொடுத்த சீன மூலிகை மாத்திரைகளில் இந்த வகைச் செடி கலந்திருந்ததால் பலருடைய சிறுநீரகங்கள் செயலிழந்தன. நாட்டு மருந்து முழுவதையும் நாம் குறை சொல்லவில்லை. லேபல் இல்லாத போத்தலைத்தான் சொல்கிறோம்.

எங்கள் மூத்தவருக்குப் பகுதியகற்றல் நடந்தது. நாடியை நிறுத்தியது 19 நிமிடம். அறிக்கை புற்றுநோய் என்றே வந்தது. வெட்டிய விளிம்பு சுத்தம். ஒரு வருடம் கழித்து ஈஜிஎஃப்ஆர் 56. ஐந்து வருடம்வரை ஸ்கானும் இரத்தப் பரிசோதனையும் தொடரும். ஊருக்குப் போக வேண்டும் என்று இப்போது நிற்கிறார். பயணக் காப்புறுதி எடுக்கும்போது இந்த நோயைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மறைத்தால் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலுக்கு வைத்தியசாலையில் இருந்தாலும் காப்புறுதி காசு தர மறுக்கலாம். மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்டோம். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இரண்டு மடங்கு வித்தியாசம் இருந்தது.